7 எம்பி மிச்சம் பிடித்த கதை

கம்ப்யூட்டர் படிக்கிற பையன் என்று வீட்டில் ஒரு பேர் வந்துவிட்டால் அவ்வளவுதான். டிவி ரிமோட் வேலை செய்யவில்லை என்றாலும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். சித்தப்பா போனில் இடம் இல்லை, மாமா வீட்டு பிரிண்டர் பேப்பரைத் தின்கிறது, எல்லாவற்றுக்கும் நான்தான் டாக்டர். அந்தப் பெருமையில் நான் செய்து வைத்த ஒரு காரியத்தைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன். நடுவில் கொஞ்சம் டெக்னிக்கலாக இருக்கும். பயப்படாதீர்கள், ஜிப், ரார், செவன்ஜிப் இதில் ஏதாவது ஒன்றை ஒரு தடவையாவது ரைட் கிளிக் செய்திருந்தால் போதும், புரிந்துவிடும்.

எங்கள் அம்மாச்சி (அம்மாவுடைய அம்மா) ஊர் போடிக்குப் பக்கம். 2020-ல் பள்ளிக்கூடம் எல்லாம் மூடிக் கிடந்தபோது நான்கு மாதம் அங்கேதான் இருந்தேன். (ஆமாம், பத்தாவது ஆல் பாஸ் பேட்ச். சிரிக்காதீர்கள்.) சாயங்காலம் ஆனால் திண்ணையில் உட்கார்ந்து அம்மாச்சி கதை சொல்வார். சின்ன வயதில் ஏலத்தோட்டத்துக்கு மலை ஏறிப் போனது, ஏலக்காய் தரம் பிரிக்கிற இடத்தில் கூலி வாங்கியது, தாத்தா பெண் பார்க்க வந்த அன்றைக்கு மாட்டுக் கொட்டகையில் போய் ஒளிந்துகொண்டது. சும்மா விளையாட்டாகப் போனில் பதிவு செய்ய ஆரம்பித்தேன். ஊருக்குத் திரும்பும்போது 43 பதிவுகள் சேர்ந்திருந்தன. எல்லாம் எம்பித்ரீ. மொத்தம் 412 எம்பி, ஏறக்குறைய ஏழு மணி நேரம். ஒவ்வொன்றுக்கும் தமிழிலேயே பேர் வைத்தேன்: 'அம்மாச்சி - கிணறு', 'அம்மாச்சி - மாட்டுக் கொட்டகை' என்று.

2022-ல் காலேஜ் சேர்ந்தேன். லேப்டாப்பில் இடம் இல்லை. இடம் இல்லை என்றால் கம்ப்யூட்டர் பையன் என்ன செய்வான்? கம்ப்ரஸ் செய்வான். செவன்ஜிப்பைத் திறந்து, 'அல்ட்ரா' என்று இருந்ததைத் தேர்ந்தெடுத்து (பேரைப் பார்த்தாலே கெத்தாக இருந்தது), 43 பதிவையும் ஒரே கோப்பாக்கினேன். 412 எம்பி 405 எம்பி ஆனது. அதை அப்பாவின் பழைய எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவிட்டு, லேப்டாப்பிலும் போனிலும் இருந்த ஒரிஜினலை அழித்துவிட்டேன்.

இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதும்போது இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

போன வருஷம் அம்மாச்சி தவறிவிட்டார். கருமாதி முடிந்த சாயங்காலம் எல்லோரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். அம்மா கேட்டார், "டேய், எங்கம்மா பேசுனதெல்லாம் நீதான வச்சிருக்க? போடுடா, கேப்போம்." டிஸ்க்கைக் கையோடு கொண்டு போயிருந்தேன். லேப்டாப்பில் செருகி, கோப்பை காப்பி செய்தேன். பாதி கூடப் போகவில்லை, 'டேட்டா எரர், சைக்ளிக் ரிடண்டன்சி செக்' என்று நின்றுவிட்டது. மறுபடி செய்தேன். அதே இடத்தில் நின்றது. மாமா, சித்தி, பெரியம்மா எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "டிஸ்க்ல ஏதோ பிரச்சினை, ஹாஸ்டல் போயி சரி பண்ணிக் கொண்டு வர்றேம்மா" என்றேன்.

ஹாஸ்டலில் ஒரு சீனியர் அண்ணன் இருக்கிறார். லினக்ஸ் பைத்தியம். அவர் டிஸ்க்கை வாங்கி, ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற புரோகிராமை ராத்திரி முழுக்க ஓட விட்டார். டிஸ்க்கில் படிக்க முடிகிற இடத்தை எல்லாம் படித்துவிட்டு, முடியாத இடத்தில் திரும்பத் திரும்ப முயற்சி செய்து, கடைசிவரை வராத இடத்தை மட்டும் காலியாக விட்டுவிடும். காலையில் வந்து சொன்னார், "தம்பி, உன் ஃபைல்ல போனது வெறும் 4,096 பைட்டுதான்."

405 எம்பியில் 4 கேபி! எனக்கு உயிர் திரும்பி வந்தது. செவன்ஜிப்பில் திறந்தேன். முதல் 14 பதிவுகள் வந்தன. மீதி 29-ம் டேட்டா எரர்.

அதே டிஸ்க்கில் அக்கா கல்யாண போட்டோக்கள் ஒரு ஜிப் கோப்பாக இருந்தன. ஸ்டுடியோக்காரர் கொடுத்தது, 612 படங்கள். அதற்குள்ளேயும் மூன்று இடத்தில் அடி. போனது எத்தனை படம் தெரியுமா? மூன்றே மூன்று. ஒரே டிஸ்க், ஒரே மாதிரி அடி. ஒன்றில் 3 போகிறது, இன்னொன்றில் 29 போகிறது. ஏன்? இதைத் தெரிந்துகொள்ளாமல் என்னால் தூங்க முடியவில்லை. அப்போது படித்ததைத்தான் கீழே எழுதுகிறேன்.

கம்ப்ரஷன் என்றால் ஏதோ பஞ்சு மெத்தையை அமுக்குவது மாதிரி என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. அது வீட்டுப் பத்திரம் எழுதுவது மாதிரி. பழைய பத்திரம் ஏதாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஊர், தாலுகா, சர்வே நம்பர் எல்லாம் ஒரு தடவைதான் முழுசாக இருக்கும். அப்புறம் எல்லாம் 'மேற்படி கிராமம்', 'மேற்படி சொத்து', 'மேற்படியார்'. அந்த 'மேற்படி'யையும் எழுத சோம்பல் பட்டு நம் ஆட்கள் அதற்கே ஒரு தனிக் குறி வைத்திருந்தார்கள்: ௸. யூனிகோடில் இன்றைக்கும் இருக்கிறது.

ஆப்ரஹாம் லெம்பல், ஜேக்கப் ஜிவ் என்று இரண்டு இஸ்ரேல் விஞ்ஞானிகள் 1977-ல் வெளியிட்ட முறை இதே 'மேற்படி'தான். கோப்பைப் படித்துக்கொண்டே போகும்போது, ஏற்கெனவே வந்த துண்டு மறுபடி வந்தால் அதைத் திரும்ப எழுதாமல், 'இத்தனை பைட் பின்னால் போ, அங்கிருந்து இத்தனை பைட் எடுத்துக்கொள்' என்று ஒரு சின்னக் குறிப்பு மட்டும் எழுதும். ஜிப்பில் இப்படி அதிகபட்சம் 32 கேபி வரைதான் பின்னால் போக முடியும். செவன்ஜிப் பல எம்பி தூரம் வரை பின்னால் போகும். அதனால்தான் அது நன்றாகச் சுருக்குகிறது. இரண்டு பேருமே 2023-ல் காலமானார்கள். நாம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அவர்கள் கண்டுபிடிப்பைப் பயன்படுத்துகிறோம் என்று எண்ணினால் மாளாது.

இதோடு சேர்வது ஹஃப்மன் முறை. அடிக்கடி வருகிற எழுத்துக்குச் சின்னக் குறியீடு, எப்போதாவது வருவதற்கு நீளமான குறியீடு. ரேஷன் கார்டில் மீனாட்சிசுந்தரம், வீட்டில் தினம் நூறு தடவை கூப்பிட வேண்டியிருப்பதால் மீனா, அவ்வளவுதான் தத்துவம். டேவிட் ஹஃப்மன் இதைக் கண்டுபிடித்தபோது நம்மைப் போல மாணவர். எம்ஐடியில் அவருடைய பேராசிரியர் ராபர்ட் ஃபேனோ, 'டெர்ம் பேப்பர் எழுதினால் ஃபைனல் எக்ஸாம் வேண்டாம்' என்று சொல்லியிருக்கிறார். பரீட்சைக்குப் பயந்து உட்கார்ந்து எழுதியதுதான் 1952-ல் கட்டுரையாக வந்தது. பேராசிரியரே முயன்று முழுசாகத் தீர்க்காத கணக்கு அது. (நாமும்தான் பரீட்சைக்குப் பயப்படுகிறோம். என்ன பிரயோஜனம்?)

இந்த இரண்டையும் கலந்ததுதான் டிஃப்ளேட். ஜிப், ஜீஜிப், பிஎன்ஜி படம் எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது இதுதான். ஜிப் 1989-ல் வந்தது. செய்தவர் ஃபில் கட்ஸ் என்ற அமெரிக்கர். அதற்கு முன் ஆர்க் என்று ஒரு வடிவம் இருந்தது. அதைத் திறக்கவும் மூடவும் கட்ஸ் இன்னும் வேகமான புரோகிராம் எழுத, ஆர்க் கம்பெனி 1988-ல் கேஸ் போட்டது. சமாதானமான பிறகு புதிதாக ஜிப்பை உருவாக்கி, அது எப்படி வேலை செய்கிறது என்பதை எல்லோருக்கும் தெரியும்படி வெளியிட்டுவிட்டார். அதனால்தான் அது உலகம் முழுக்கப் பரவியது. வேர்டு டாகுமெண்ட், ஆண்ட்ராய்டு ஆப், ஈபப் புத்தகம் எல்லாம் உள்ளுக்குள் ஜிப் கோப்புகள்தான். அவற்றின் முதல் இரண்டு பைட் 'பி', 'கே'. அவருடைய இனிஷியல். கட்ஸ் 2000-ல், 37 வயதில், குடிப்பழக்கத்தால் ஒரு ஹோட்டல் அறையில் தனியாக இறந்துபோனார். அவர் பேர் மட்டும் நம் எல்லோருடைய போனிலும் இருக்கிறது.

சரி, என் கதைக்கு வருவோம். இரண்டு கேள்வி. ஒன்று, 412 ஏன் 405 மட்டும்தான் ஆனது?

எம்பித்ரீ என்பதே ஏற்கெனவே சுருக்கிய கோப்பு. அதற்குள் 'மேற்படி' போடுவதற்கு மிச்சம் எதுவும் இல்லை. பிழிந்த துணியை மறுபடி பிழிகிற மாதிரி. ஜேபெக் படம், வீடியோ எல்லாமே இப்படித்தான். எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் சுருக்குகிற புரோகிராம் ஒன்று இருக்கவே முடியாது என்பதைச் சின்னக் கணக்கில் நிரூபிக்கலாம். 10 பிட் நீளமுள்ள கோப்புகள் மொத்தம் 1,024. அதைவிடச் சின்னக் கோப்புகள், காலிக் கோப்பையும் சேர்த்து, 1,023. ஆகவே 1,024 பேரையும் 1,023 நாற்காலியில் தனித்தனியாக உட்கார வைக்க முடியாது. டிஸ்க்ரீட் மேத்ஸ் கிளாஸில் புறாக்கூண்டுத் தத்துவம் நடத்தும்போது தூங்காமல் இருந்திருந்தால் எனக்கு இது அப்போதே உறைத்திருக்கும்.

இரண்டாவது கேள்வி, 4 கேபி போனதற்கு 29 பதிவு ஏன் போனது?

ஜிப் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகச் சுருக்குகிறது. கல்யாண போட்டோ ஒவ்வொன்றும் ஒரு தனிப் பத்திரம். ஒன்றில் கரையான் அரித்தால் அது மட்டும்தான் போகும். செவன்ஜிப் சாதாரணமாக எல்லாக் கோப்பையும் ஒட்டி ஒரே நீளப் பத்திரமாக்கிவிட்டுத்தான் சுருக்கும். இதற்குப் பேர் சாலிட். ஒரே மாதிரி கோப்புகள் நிறைய இருந்தால் இதில் நன்றாகச் சுருங்கும். ஆனால் முதல் பக்கத்தில் ஊர் பேரைக் கரையான் அரித்துவிட்டால், பின்னால் வருகிற அத்தனை 'மேற்படி'க்கும் அர்த்தம் இல்லை. என் கோப்பில் அடி விழுந்தது 15-வது பதிவில். அதற்கப்புறம் புரோகிராமுக்கு எதுவும் புரியவில்லை.

லினக்ஸ் ஆட்களின் டார் ஜீஜிப்பும் இதே கதைதான். டார் என்பது காந்த நாடாவில் எழுதுவதற்காக வந்தது, 1979 யூனிக்ஸிலேயே இருக்கிறது. அது மூட்டை மட்டும்தான் கட்டும், சுருக்காது. மூட்டை கட்டிய பிறகு மொத்தமாக ஜீஜிப் சுருக்கும். நடுவில் அடிபட்டால் அதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் அவ்வளவுதான். பிஜிப்2 கொஞ்சம் பரவாயில்லை, 900 கேபி வரைக்கும் தனித்தனிப் பாளமாகச் சுருக்குவதால் அடிபட்ட பாளத்தை விட்டுவிட்டு மற்றதை மீட்க அதோடேயே ஒரு புரோகிராம் வருகிறது.

'சிஆர்சி இருக்கிறதே, அது காப்பாற்றாதா?' என்று கேட்கலாம். நானும் கேட்டேன். சிஆர்சி என்பது வாட்ச்மேன் மாதிரி. பூட்டு உடைந்திருக்கிறது என்று சொல்வார். திருட்டுப் போன நகையைக் கொண்டு வர மாட்டார்.

இப்போது என்னைத் தூங்க விடாமல் செய்த கணக்கைச் சொல்கிறேன். என் பதிவுகள் 128 கேபிபிஎஸ். அதாவது ஒரு நொடிக்கு 16,000 பைட். நான் எதையும் சுருக்காமல் அந்த 43 கோப்பையும் அப்படியே டிஸ்க்கில் போட்டிருந்தால், அதே 4,096 பைட் போயிருந்தால், எனக்கு நஷ்டம் எவ்வளவு? கால் நொடி. அம்மாச்சி பேசிக்கொண்டிருக்கும்போது எங்கோ ஒரு இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டிருக்கும். இருமினார் என்று நினைத்துக்கொண்டு விட்டிருப்போம்.

7 எம்பி மிச்சம் பிடிக்கப் போய் 29 கதைகளை விட்டேன். இன்றைக்கு ஒரு குட் மார்னிங் வீடியோ அதைவிடப் பெரிசாக இருக்கிறது.

இதில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். ஒரே விஷயம் இரண்டு மூன்று தடவை வருவதைத்தான் கம்ப்ரஷன் 'வீண்' என்று சொல்லித் தூக்கி எறிகிறது. ஆனால் ஒரு இடம் அடிபட்டால் நம்மைக் காப்பாற்றுவதும் அதே 'வீண்'தான். பேக்கப் என்ற வார்த்தைக்கு அர்த்தமே இன்னொரு பிரதி இருக்கிறது என்பதுதானே? நான் பிரதியை அழித்துவிட்டு மிச்சம் இருந்த ஒன்றுக்குப் பேக்கப் என்று பேர் வைத்திருந்தேன்.

செவன்ஜிப்பைத் திட்டுவதாக நினைக்காதீர்கள். இகோர் பாவ்லோவ் 1999-ல் இருந்து இலவசமாகக் கொடுத்து வருகிற அருமையான மென்பொருள் அது. நான் அதைத் தேர்ந்தெடுத்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. அப்பாவின் பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர், தமிழ்ப் பேர் வைத்த கோப்புகளை ஜிப் செய்ய மாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஜிப் முதலில் வந்தபோது ஆங்கிலமும் சில ஐரோப்பிய எழுத்துகளும் மட்டும்தான் அதன் கணக்கில் இருந்தன. 2006-ல்தான் யூனிகோடு பேர்களுக்கு அதன் விதிமுறையில் இடம் வந்தது. செவன்ஜிப்புக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. ஆக, கருவி நல்ல கருவி. மேலே 'சாலிட்' என்று எழுதியிருந்ததைப் படிக்காமல் ஓகே அமுக்கியது நான்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். பெரிய ரகசியம் எதுவும் இல்லை.

1. போட்டோ, பாட்டு, வீடியோ எதையும் சுருக்குவதில்லை. ஒரே கோப்பாக வேண்டும் என்றால் ஜிப்பில் 'ஸ்டோர்' என்று தேர்ந்தெடுத்துச் சும்மா மூட்டை மட்டும் கட்டுகிறேன்.

2. லேப் புரோகிராம், டெக்ஸ்ட், டேட்டாபேஸ் மாதிரி நன்றாகச் சுருங்குவதை மட்டும் சுருக்குகிறேன். பத்தில் ஒரு பங்காகக்கூட ஆகும். அதிலும் முக்கியமானது என்றால் சாலிடை அணைத்துவிடுகிறேன்.

3. மூட்டை கட்டியதும் 'டெஸ்ட்' பட்டனை அமுக்கிப் பார்க்கிறேன். செவன்ஜிப், வின்ரார் இரண்டிலும் இருக்கிறது. அது ஓகே சொல்லாமல் ஒரிஜினலில் கை வைப்பதில்லை. சொன்னாலும் இப்போதெல்லாம் வைப்பதில்லை.

4. முக்கியமான மூட்டையோடு பார்2 கோப்பு பத்து சதவீதம் சேர்த்து வைக்கிறேன். 1960-ல் ரீட், சாலமன் என்று இரண்டு பேர் கொடுத்த கணிதம். சிடியில் கீறல் விழுந்தும் பாட்டு பாடியது இந்தக் கணிதத்தால்தான். பத்து சதவீதம் இடம் அதிகம் பிடிக்கும். ஆனால் ஏறக்குறைய அந்த அளவு வரை அடிபட்டதைத் திருப்பிக் கட்டிக் கொடுக்கும். ரார் கோப்பில் 'ரெக்கவரி ரெக்கார்ட்' என்று இருப்பதும் இதே யோசனைதான். வெறும் 1 சதவீதம் போட்டிருந்தாலே என் 4 கேபி திரும்பி வந்திருக்கும்.

5. மூன்று பிரதி, இரண்டு விதமான இடம், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. எல்லோருக்கும் தெரிந்த விதிதான். தெரிந்தும் யாரும் செய்வதில்லை.

29-ல் 17 பதிவுகள் சித்தியின் பழைய போனில் கிடைத்தன. அப்போது வாட்ஸப்பில் அனுப்பியிருந்தேன், சித்தி எதையும் அழிப்பதில்லை. 'இவ்வளவு குப்பையை ஏன் சித்தி சேர்த்து வைக்கிறீங்க' என்று அவரை எத்தனை தடவை கிண்டல் செய்திருப்பேன்! கம்ப்யூட்டர் படிக்காத சித்தியிடம்தான் நல்ல பேக்கப் இருந்தது.

12 கிடைக்கவில்லை. அதில் ஒன்று, அம்மா பிறந்த ராத்திரியைப் பற்றி அம்மாச்சி சொன்னது. மழை பெய்து, வண்டி கிடைக்காமல், யாரோ சைக்கிளில் போய் மருத்துவச்சியைக் கூட்டி வந்த கதை. ரொம்ப நாள் கழித்துத் தைரியம் வந்து அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கதை எனக்குத் தெரியும்டா, ஆயிரம் தடவை கேட்டிருக்கேன். சத்தம்தான் இல்ல" என்றார்.

அந்தக் கதையை அம்மாவையே சொல்லச் சொல்லிப் பதிவு செய்திருக்கிறேன். 11 நிமிஷம். சுருக்கவில்லை. மூன்று இடத்தில் இருக்கிறது, சித்தி போனையும் சேர்த்தால் நான்கு.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். இன்று ராத்திரி, எங்கோ டிராயரில் கிடக்கிற அந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்து, அதில் பத்திரமாக இருக்கிறது என்று நீங்கள் நம்புகிற ஒரு மூட்டையைத் திறந்து பாருங்கள். திறந்தால் சந்தோஷம். திறக்கவில்லை என்றாலும், ஒரிஜினல் இன்னும் யாரிடமாவது இருக்கும்போதே தெரிந்துவிட்டதே என்று சந்தோஷப்படுங்கள்.